சைக்கிள் திருட்டுக்குப் பாதி வழி கடையிலேயே திறந்துவிடப்படுகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சைக்கிள் களவு போய்விட்டது என்று யாராவது சொன்னால், கேட்பவர் வாயிலிருந்து முதலில் வருவது “என்ன பூட்டு போட்டிருந்தீங்க?” என்ற கேள்விதான். சக்கரம் எப்படி மாட்டியிருந்தது, வண்டியை எதோடு சேர்த்துக் கட்டினார்கள், அந்தக் கம்பம் என்ன கம்பம் என்று யாரும் கேட்பதில்லை. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லாமல் நடக்கும் களவுகள் ஏராளம். முன்சக்கரம் மட்டும் பூட்டோடு கம்பத்தில் தொங்கும், மிச்ச வண்டி போயிருக்கும். இல்லையென்றால் வண்டி முழுசாக நிற்கும், சீட்டைக் காணோம். இதற்குப் பூட்டைத் திட்டி என்ன செய்வது? வெறுங்கையால் கழற்றும்படி வண்டியைச் செய்தவர்களையும், அதை அப்படியே விற்றவர்களையும்தான் கேட்க வேண்டும்.

திருடனுக்கு மூன்று கணக்கு உண்டு. எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு சத்தம் வரும், விற்றால் எவ்வளவு கிடைக்கும். பூட்டு முதல் இரண்டை மட்டுமே தொடும், அதுவும் அரைகுறையாக. மூன்றாவதும், முதல் இரண்டில் பெரும்பங்கும் சைக்கிளை வடிவமைக்கும்போதே முடிவாகிவிடுகின்றன. பள்ளிப் பிள்ளைக்கும், வேலைக்குப் போகிறவருக்கும் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் நிறத்தையும் கியரையும் பார்க்கும் நேரத்தில் கால்பங்கை இதற்குச் செலவிட்டால் போதும் என்பதால் இந்தக் கடிதம்.

சக்கரத்தைக் கருவியில்லாமல் கழற்ற உதவும், குவிக் ரிலீஸ் என்று கடைகளில் சொல்லும் நெம்புகோல் பந்தயக்காரர்களுக்காகப் பிறந்தது. இத்தாலியின் துல்லியோ கம்பன்யோலோ 1927-இல் ஒரு மலைப் பந்தயத்தில், குளிரில் விரல் மரத்துப்போய், சக்கரத்தின் சிறகு நட்டைத் திறக்க முடியாமல் தவித்தார் என்றும், அதிலிருந்தே 1930-இல் இந்த நெம்புகோல் வந்தது என்றும் சொல்வார்கள். பனி பெய்யும் மலையில் ஓட்டுகிறவருக்கு அது வேண்டும்தான். தாமானிலிருந்து (குடியிருப்பிலிருந்து) டியூஷனுக்குப் போகிற பிள்ளைக்கு எதற்கு? வருடத்தில் இரண்டு மூன்று தடவை டியூப் மாற்றும்போது ஸ்பேனர் தேடும் வேலை மிச்சம், அவ்வளவே. அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. நெம்புகோலைத் திருப்பி, எதிர்ப்பக்க நட்டை நாலைந்து சுற்றுத் தளர்த்தினால் முன்சக்கரம் பத்து விநாடிக்குள் கையில் வந்துவிடும். அந்த நாலைந்து சுற்றுக்கூட, சக்கரம் தானாகக் கழன்று விழாதபடி ஃபோர்க் நுனியில் வைத்திருக்கும் சிறு உதட்டினால்தான்.

மாற்றுவது எளிது. நெம்புகோல் உள்ள கம்பியை எடுத்துவிட்டு, 5 மி.மீ. ஆலன் சாவியால் முறுக்கும் கம்பியைப் போடலாம். வாங்கும் முன் அளவு பார்க்க வேண்டும்: முன்பக்கம் ஃபோர்க்கின் உள்ளகலம் பெரும்பாலும் 100 மி.மீ., பின்பக்கம் 130 அல்லது 135 மி.மீ. புதுவகை மலைச் சைக்கிள்களிலும் டிஸ்க் பிரேக் ரோட் சைக்கிள்களிலும் 12 அல்லது 15 மி.மீ. தடிமனான அச்சு நேராகச் சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) மரைபோல ஏறும். அதில் மரையின் இடைவெளி 1, 1.5, 1.75 மி.மீ. என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிறதே என்று வேறொன்றை வாங்கிப் பலவந்தமாக முறுக்கினால் சட்டத்தின் மரை போய்விடும். பழைய அச்சைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது. இரண்டு பக்கமும் 15 மி.மீ. நட்டு போட்ட பழைய பாணி அச்சு உள்ள வண்டி கிடைத்தால், அன்றாட உபயோகத்துக்கு அதையே வாங்கலாம். அதை மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

ஆலன் சாவி இப்போது எல்லார் பையிலும் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் கைவீசிக்கொண்டு வந்து கழற்றுகிறவனும், கருவி எடுத்து வருகிறவனும் ஒரே ஆள் இல்லை. முதல் வகையினர்தான் அதிகம். இரண்டாம் வகைக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, தனிச் சாவியால் மட்டும் திறக்கும் நட்டுகள். பிட்லாக், பின்ஹெட் போன்றவை அந்த வகை. வண்டி நிமிர்ந்து நிற்கும்போது திறக்காமல், பக்கவாட்டில் படுக்கவைத்தால் மட்டும் திறக்கும் நட்டுகளும் உண்டு. வண்டி கம்பத்தோடு நிமிர்த்திப் பூட்டியிருந்தால் திருடனால் படுக்கவைக்க முடியாது என்பது அதன் சூட்சுமம். ஹெக்ஸ்லாக்ஸ் என்பது போல்ட்டின் குழிக்குள் காந்தத்தால் ஒட்டி உட்காரும் சிறு பூட்டு. போல்ட் காந்தம் பிடிக்கும் இரும்பாக இருந்தால்தான் வேலை செய்யும். அலுமினியம், டைட்டானியம் போல்ட்டில் நிற்காது. எதை வாங்கினாலும் சாவியின் எண்ணைத் தனியாக எழுதி வையுங்கள். சாவி தொலைந்து நடுரோட்டில் டயர் பஞ்சரானால் திருடனைவிட நீங்கள்தான் அதிகம் கஷ்டப்படுவீர்கள்.

இரண்டாவது வழிக்குச் செலவு ஒரு வெள்ளிகூட (ரிங்கிட்) ஆகாது. முன்சக்கரக் கூட்டில் போடும் 3/16 அங்குல எஃகுக் குண்டு 4.76 மி.மீ. குறுக்களவு கொண்டது. 5 மி.மீ. ஆலன் குழிக்குள் அது கச்சிதமாக உட்காரும். குழியைத் துடைத்து, கொஞ்சம் மெழுகுவர்த்தி மெழுகை அடியில் விட்டு, குண்டை அழுத்தி, மேலே ஒரு சொட்டு சூப்பர் குளூ. அவ்வளவுதான், எந்த ஆலன் சாவியும் உள்ளே இறங்காது. சீட் கிளாம்ப், ஹேண்டில் பிடிக்கும் ஸ்டெம் போல்ட், பிரேக் காலிப்பர் போல்ட் எல்லாவற்றுக்கும், குழி அதே 5 மி.மீ. என்றால், செய்யலாம். அடிக்கடி உயரம் மாற்றும் சீட்டுக்கு மட்டும் வேண்டாம். கழற்ற வேண்டி வந்தால் நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனை இரண்டு சொட்டு விட்டு, பத்து நிமிடம் பொறுத்து, கூர் ஊசியால் கிளறி, காந்தத்தால் இழுத்தால் குண்டு வரும். குளூவை மட்டும் நிறைய ஊற்றி மெழுகை விட்டுவிட்டால் பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பெயிண்டில் அசிட்டோன் பட்டால் நிறம் போகும், துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

சீட்டுக்கு இன்னொரு பழைய கைவேலை. தேய்ந்துபோன சைக்கிள் செயினில் 48 கண்ணி வெட்டினால் சுமார் 61 செ.மீ. நீளம் வரும். இரட்டைப்படையாக வெட்டினால்தான் உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் கூடும். அதைப் பழைய டியூப் துண்டுக்குள் நுழைத்து, சீட்டின் அடிக்கம்பிகளையும் பின்சக்கரத்துக்கு இறங்கும் மெல்லிய சட்டக் குழாயையும் சுற்றிக் கொண்டுவந்து, செயின் கருவியால் பின்னை அடித்து மூடிவிட வேண்டும். ரப்பர் உறை பெயிண்டைக் காக்கும், இரும்பின் சத்தத்தையும் அடக்கும். செயின் கருவி கையோடு கொண்டுவரும் திருடனுக்கு இது தடையில்லை. போகிற போக்கில் பிடுங்குகிறவனுக்குத் தடை.

இனிப் பூட்டும் சட்டமும். பூட்டு வாங்குகிறவர்கள் பூட்டின் தடிமனைப் பார்க்கிறார்கள். தங்கள் சட்டத்தில் அது எங்கே உட்காரும் என்று பார்ப்பதில்லை. சிறிய யு பூட்டுகளில் பரவலான ஓர் அளவு, உள்ளே 83 மி.மீ. அகலம், 178 மி.மீ. நீளம். கம்பமோ சட்டக் குழாயோ, உள்ளே போகும் ஒவ்வொரு பொருளும் 83-க்குள் அடங்க வேண்டும். எல்லாம் சேர்ந்து 178-க்குள் அடங்க வேண்டும். நிறுத்துமிடக் குழாய் 50 மி.மீ., சட்டத்தின் குழாய் 35, ரிம்மும் டயரும் 45 என்று வைத்தால் மொத்தம் 130. மிச்சம் 48 மி.மீ. நல்ல கணக்கு. ஆனால் அகலமான கார்பன் சட்டங்களிலும், பேட்டரியை உள்ளே புதைத்த மின்சைக்கிள்களிலும் கீழ்க்குழாய் மட்டுமே 83 மி.மீட்டரை எட்டிவிடுவதுண்டு. பின்பக்க ஸ்பிரிங் வைத்த மலைச் சைக்கிளில் முக்கோணமே இடுக்கமாக, நடுவில் ஷாக் குறுக்கே நிற்கும். அப்படிப்பட்ட வண்டிக்குப் பெரிய யு பூட்டு வாங்க வேண்டும். பெரிதாக வாங்கினால் உள்ளே வெற்றிடம் கூடும். வெற்றிடம் என்றால் திருடனின் குழாய்க்கும் கார் ஜாக்கிக்கும் இடம் என்று அர்த்தம். குறுகலான, வட்டக் குழாய் வைத்த இரும்புச் சட்டம் பார்க்கப் பழசாக இருக்கலாம். பூட்டும் விஷயத்தில் அதை அடிக்க ஆளில்லை.

பூட்டும் இடம்: பின்சக்கரத்தின் ரிம்மும் கம்பமும் ஒரே பூட்டுக்குள் வரும்படி, சட்டத்தின் பின் முக்கோணத்துக்கு உள்ளே பூட்டுங்கள். முக்கோணத்துக்குள் மாட்டிக்கொண்ட ரிம் வெளியே வர முடியாது, ஆகவே சட்டமும் தப்பாது. அமெரிக்க சைக்கிள் மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் பரப்பிய முறை இது. ரிம்மை அறுத்தால் ஆகாதா என்பார்கள். ஆகும். ஆனால் டயரையும் ரிம்மையும் அறுத்தால், வண்டியில் விலைபோகும் பின்சக்கரம் அதோடு போச்சு. இரண்டாவது பூட்டு இருந்தால் முன்சக்கரத்தைச் சட்டத்தோடு பிணையுங்கள். பூட்டு தரையில் கிடக்கக் கூடாது. போல்ட் கட்டரின் ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறுகையில் உடம்புப் பாரம் முழுவதையும் இறக்கினால் நடுத்தரச் சங்கிலி அறுந்துவிடும். இடுப்புயரத்தில் அந்த வசதி கிடைக்காது.

கேபிள் பூட்டைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. பதினைந்து இருபது வெள்ளி கேபிள், பிளாஸ்டிக் உறைக்குள் மெல்லிய கம்பித்திரள். கைக்கட்டரால் சில விநாடிகள். நாலு எண் கொண்டது பத்தாயிரம் சேர்க்கை என்று அட்டையில் போட்டிருப்பார்கள். மலிவான பூட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வளையமாகத் திருப்பினால் சரியான எண் கையிலேயே தெரியும். முன்சக்கரத்தை இரண்டாவது துணையாகக் கட்டவும், ஹெல்மெட்டைக் கட்டவும் கேபிள் போதும். சங்கிலி என்றால் கடினப்படுத்திய எஃகு, கண்ணியின் தடிமன் 10 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். யு பூட்டு 13 மி.மீ.க்குக் குறையாமல். பூட்டின் இரண்டு காலும் குறுக்குத் தண்டுக்குள் தனித்தனியாகப் பிடிபடுகிறதா என்று கேளுங்கள். ஒரு கால் மட்டும் பிடிபடும் பூட்டை ஒரே இடத்தில் அறுத்துத் திருகினால் திறந்துவிடும். மற்றதை இரண்டு இடத்தில் அறுக்க வேண்டும். பேட்டரி கிரைண்டர் வந்த பிறகு ஒரு வெட்டு ஒரு நிமிடத்துக்குள் முடியும் வேலை என்பது உண்மை. அதன் வட்டத்தையே தேய்த்துத் தின்னும் கலவை பூசிய ஹிப்லாக் டி1000, லைட்லாக் எக்ஸ்1 போன்ற பூட்டுகள் வந்திருக்கின்றன. கனமும் விலையும் சாதாரண சைக்கிளுக்கு ஒத்துவராது. பல ஆயிரம் வெள்ளி மின்சைக்கிளுக்கு ஒத்துவரும். விலையுயர்ந்த பூட்டு என்பதற்காகக் கண்ணை மூடி நம்பவும் வேண்டாம். 2004-இல் கிரிப்டோநைட் நிறுவனத்தின், குழாய்போன்ற வட்டச் சாவி கொண்ட பூட்டுகள் சாதாரணப் பந்துமுனைப் பேனாவின் பின்குழாயால் திறந்துகொண்டதை உலகமே பார்த்தது. இன்றும் மலிவான பூட்டுகளில் அந்த வட்டச் சாவி வருகிறது. தட்டையான, பக்கத்தில் வெட்டுகள் உள்ள சாவி இருந்தால் அதை எடுங்கள்.

பினாங்கில் பூட்டைக் கெடுப்பதில் திருடனுக்குக் கடற்காற்று சளைத்ததில்லை. கரையோரச் சைக்கிள் பாதையில் தினமும் ஓடும் வண்டியின் பூட்டு சில மாதத்திலேயே இறுகத் தொடங்கும். சாவித் துளை கீழ்நோக்கி இருக்கும்படி பூட்டுங்கள். மழை இறங்காது, பசை ஊற்றவும் எளிதாக முடியாது. சமையல் எண்ணெயும் கெட்டிக் கிரீஸும் தூசியைச் சேர்த்துச் சேறாக்கும். கிராஃபைட் தூளோ டெஃப்லான் உலர் மசகோ மாதம் ஒருமுறை போதும், இரண்டையும் கலக்காமல். சங்கிலியின் துணி உறை நனைந்தால் உள்ளே பல நாள் ஈரம் நிற்கும். உறையை விலக்கி வெயிலில் காயவைக்க வேண்டும். பூட்டு இறுகியதும் சாவியைப் பலங்கொண்டு திருப்புகிறவர்கள் பாதிச் சாவியோடு பட்டறைக்கு வருகிறார்கள்.

பூட்டைச் சைக்கிளிலேயே சேர்த்துச் செய்தால் என்ன என்பது புது யோசனை இல்லை. பழைய ராலே வண்டிகள் சிலவற்றில் ஃபோர்க்கின் தலையிலேயே சாவித் துளை இருந்தது. பூட்டினால் ஹேண்டில் ஒருபக்கம் திரும்பி நிற்கும், ஓட்டிப் போக முடியாது. நம் அப்பா, தாத்தா காலத்துக் கறுப்பு வண்டிகளில் பின்சக்கரத்தைக் குறுக்கே குத்தும் வளையப் பூட்டு இருந்தது. ஐரோப்பாவில் அது இன்றும் சாதாரணம். கடைக்குள் இரண்டு நிமிடம் போய்வர வளையப் பூட்டு மிக நல்லது. ஆனால் அது வண்டியை உருளவிடாமல் செய்யுமே தவிர, பின்பக்கத்தைத் தூக்கிப்பிடித்து முன்சக்கரத்தில் தள்ளிக்கொண்டு போவதைத் தடுக்காது. அதனால்தான் வளையப் பூட்டின் பக்கத்தில் ஒரு துளை வைத்து, சங்கிலியின் முனையை அதில் செருகிக் கம்பத்தோடு கட்டும்படி நெதர்லாந்துக்காரர்கள் செய்தார்கள். சங்கிலிக்குத் தனிச் சாவி வேண்டாம், மறக்கவும் மாட்டோம். சட்டத்தில் நிலையாகப் பொருத்தும் பூட்டுகளில் எங்களுக்குப் பிடித்தது இதுதான். இங்கே விற்கும் நகர வண்டிகளில் அதைப் பொருத்தத் தேவையான இரண்டு மரைத் துளைகளைக்கூடப் பலர் வைப்பதில்லை.

மற்ற முயற்சிகள் தடுமாறியதற்குக் காரணங்கள் உண்டு. ஜப்பானில் ஒரே சாவித் திருப்பலில் பின்சக்கரமும் ஹேண்டிலும் சேர்ந்து பூட்டும் வண்டிகள் பெரும் விற்பனையாயின. 2019-இல் அதன் பூட்டுக் கூடு உடைந்து, ஓடும்போதே ஹேண்டில் பூட்டிக்கொள்ளும் அபாயம் இருப்பதாக ப்ரிட்ஜ்ஸ்டோன் சைக்கிள் நிறுவனம் லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஓட்டத்தில் இருக்கும் பாகத்தைப் பூட்டும் எந்தக் கருவியும் தவறினால் ஆளைக் கவிழ்க்கும். சிலி நாட்டு மாணவர்கள் உருவாக்கிய யெர்கா சைக்கிளில் கீழ்க்குழாய் இரண்டாகத் திறந்து, சீட் கம்பி குறுக்கே செருகி, சட்டமே பூட்டாகிவிடும். பூட்டை உடைத்தால் வண்டியும் உடையும், திருடி என்ன பயன் என்பது வாதம். வாதம் அழகானது. அதைத் திருடனும் படித்திருக்க வேண்டுமே! முயன்று பார்த்து உடைத்துவிட்டுப் போனால் சொந்தக்காரருக்கு வண்டி மிஞ்சாது. வான்மூஃப் என்ற டச்சு நிறுவனம் உதைத்தால் பூட்டும் பின்சக்கரம், எச்சரிக்கை ஒலி, இருப்பிடம் காட்டும் கருவி என்று எல்லாவற்றையும் சட்டத்துக்குள் புதைத்தது. 2023 ஜூலையில் அது திவாலானபோது, கைபேசிச் செயலியின் சாவி நின்றுபோனால் வண்டியை எப்படித் திறப்பது என்று வாங்கியவர்கள் பதறினார்கள். போட்டி நிறுவனம் ஒன்றுதான் சாவியைச் சேமித்துக்கொள்ளச் செயலி செய்துகொடுத்தது. திறக்க இன்டர்நெட் வேண்டும் என்ற பூட்டை வாங்காதீர்கள்.

இருப்பிடம் காட்டும் சிறு வில்லைகளை இப்போது பலர் ஒளித்துவைக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் இரும்பு, அலுமினியக் குழாய்க்குள் வைத்தால் ரேடியோ அலை வெளியே வராது. கார்பனும் தடுக்கும். சீட்டின் பிளாஸ்டிக் அடியிலோ, பின்விளக்குக் கூட்டுக்குள்ளோ வையுங்கள். பின்தொடர்வதைத் தடுப்பதற்காக இவற்றில் வைத்திருக்கும் வசதியால், கூடவே நகரும் அந்நியரின் கைபேசிக்குச் சில நேரம் கழித்து எச்சரிக்கை போகும். ஆகவே திருடனுக்கும் தெரிந்துவிடும், தேடுவதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு. வில்லை நிற்கும் இடத்துக்குத் தனியாகப் போகாமல் போலீஸாரோடு போவதுதான் சரி.

மூன்றாவது கணக்கு, விற்பனை விலை. வாடகைச் சைக்கிள்களைப் பாருங்கள். 2017-இல் மலேசியாவுக்கு வந்த ஓபைக் வாடகை வண்டிகளின் காற்றில்லாத கெட்டி டயரும் சக்கரமும் வேறெந்த வண்டிக்கும் போகாதவை. பாகத்துக்காகத் திருட வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அவை வீசப்பட்டன, உடைக்கப்பட்டன. பாரிஸில் 2007-இல் தொடங்கிய வெலிப் வண்டிகள் முதல் சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் களவுபோயின, நொறுக்கப்பட்டன. பொருந்தாத பாகம் திருட்டைக் குறைக்கலாம், ஆசையையும் எரிச்சலையும் குறைக்காது. சொந்த வண்டிக்கு அந்த வழி இன்னும் மோசம். பொருந்தாத பாகம் கெட்டால் நீங்களும்தான் கடை கடையாக அலைய வேண்டும். ஆகவே பாகம் எல்லாருடையதுபோல இருக்கட்டும், அடையாளம் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

அடையாளம் என்றால் எண். பெடல் அச்சு நுழையும் குழாயின் அடியில் சட்ட எண் அடித்திருப்பார்கள். வண்டியைத் தலைகீழாக்கிப் பார்த்தால் தெரியும். சில மலிவு வண்டிகளில் ஸ்டிக்கர் மட்டும்தான், உரித்தால் போயிற்று. சிலவற்றில் ஆழமில்லாமல் அடித்து, மேலே பெயிண்ட் மொத்தமாகப் பூசியதில் படிக்கவே முடியாது. அப்படி இருந்தால் வாங்கும்போதே கடைக்காரரிடம் எழுத்தாணி கொண்டு கீறச் சொல்லுங்கள். எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள். எண் இல்லாத ரசீது எந்த வண்டியையும் உங்களுடையது என்று காட்டாது. எண்ணையும் முழு வண்டியையும் படமெடுத்து வையுங்கள். பெயரும் கைபேசி எண்ணும் எழுதிய காகிதத்தைப் பிளாஸ்டிக் சுற்றி, சீட் கம்பிக்குள்ளும் ஹேண்டில் குழாய்க்குள்ளும் திணித்துவிடலாம். திருடன் எண்ணை ராவினாலும் குழாய்க்குள் பார்ப்பது அபூர்வம். ஜப்பானில் 1994 முதல் சைக்கிள் பதிவு கட்டாயம், சட்டத்தில் ஒட்டும் பதிவு ஸ்டிக்கரை வைத்து நிறுத்திச் சோதிக்கவும் முடியும். இங்கேயும் ஒரு காலத்தில் நகராண்மைக் கழகங்கள் சைக்கிளுக்குத் தகட்டு லைசென்ஸ் கொடுத்தன. அந்தத் தகடுகளை இன்று பழம்பொருள் சேர்ப்பவர்கள்தான் தேடுகிறார்கள். பழையபடி கட்டணம் வசூலிக்கும் லைசென்ஸ் வேண்டாம். கடை ரசீதில் எண் கட்டாயம் என்ற ஒரு வரி போதும்.

நிறுத்துமிடத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நல்ல வண்டியும் நல்ல பூட்டும் இருந்து, கட்ட இடம் இல்லையென்றால் எல்லாம் வீண். ஜார்ஜ்டவுனின் லெபோ பினாங்கிலும் லெபோ பாசாரிலும் அஞ்சடித் (கடைமுன் நடைபாதைத்) தூண்கள் கட்டிப்பிடித்தாலும் கைக்குள் அடங்காத தடிமன். பூட்டு எப்படிச் சுற்றும்? ஆட்கள் வேறு வழியில்லாமல் பிளாஸ்டிக் மழைநீர்க் குழாயில் கட்டுகிறார்கள். அதை உடைக்கக் கருவி வேண்டாம், முழங்கால் போதும். போக்குவரத்துப் பலகைக் கம்பம் உயரமாக இருந்தாலும் மேலே பலகையின் நட்டைக் கழற்றித் தூக்கிவிடலாம். கட்டுமுன் கம்பத்தை ஆட்டிப் பாருங்கள். டேப்போ ஸ்டிக்கரோ சுற்றியிருந்தால் உரித்துப் பாருங்கள். முன்கூட்டியே அறுத்துவைத்து மூடிய கம்பமாக இருக்கலாம்.

மாநகராண்மைக் கழகமும் வணிக வளாகங்களும் வைக்கும் நிறுத்துமிடங்களில் இன்னும் பல, முன்சக்கரத்தை மட்டும் இடுக்கும் கம்பிப் பல் வகை. வண்டி சாய்ந்தால் சக்கரம் கோணும். சட்டத்தைக் கட்ட வழியில்லை. முன்சக்கரத்தைத்தான் கட்ட முடியும், அதாவது திருடனுக்கு ஏற்ற வகையில். வைக்க வேண்டியது கவிழ்ந்த யு வடிவக் குழாய், ஷெஃபீல்டு ஸ்டாண்ட் என்பார்கள். குழாய் 50 மி.மீ., தரைக்கு மேல் உயரம் 750 மி.மீ., நீளம் 700 மி.மீட்டருக்கு மேல், ஸ்டாண்டுக்கும் ஸ்டாண்டுக்கும் இடையே ஒரு மீட்டர். ஒரு ஸ்டாண்டில் இரண்டு பக்கமும் இரண்டு வண்டி. கால்கள் கான்கிரீட்டுக்குள் 300 மி.மீ. இறங்க வேண்டும். அடித்தட்டு வைத்து நாலு போல்ட்டால் பிடிப்பது மலிவு, ஆனால் அந்த நட்டு ஸ்பேனருக்கு வழிவிடும். இறுக்கியதும் தலை முறிந்து, பிறகு ஸ்பேனர் பிடிக்காத நட்டு போட வேண்டும். குழாயின் நடுவில் ஒரு குறுக்குக் கம்பி இருந்தால் சிறு வண்டிகளையும் கட்டலாம். பினாங்கில் கடலோரம் வைப்பதானால் 316 ரக துருப்பிடிக்கா எஃகு. சாதாரண 304 கடற்காற்றில் பழுப்புக் கறை பிடிக்கும், பெயிண்ட் அடித்த இரும்பு உள்ளிருந்து அரிக்கும்.

இதில் மிக அவசரமான இடம், பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவுக்கும் இடையே ஓடும் படகின் துறைதான். 2021 முதல் படகில் கார் போவதில்லை, ஆட்களும் மோட்டார்சைக்கிளும் சைக்கிளும்தான். பட்டர்வொர்த்தில் சைக்கிளை விட்டுவிட்டுத் தீவுக்குப் போய் மாலையில் திரும்புகிறவரின் வண்டி எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கும். அவ்வளவு நேரம் நிற்கும் இடம், பட்டர்வொர்த்தின் சுல்தான் அப்துல் ஹாலிம் துறையானாலும் தீவின் ராஜா துன் ஊடா துறையானாலும், டிக்கெட் கவுண்டரிலிருந்தோ கடைகளிலிருந்தோ கண்ணுக்குத் தெரியும் இடமாக இருக்க வேண்டும். மூலையில், தூணுக்குப் பின்னால், மோட்டார்சைக்கிள் கூட்டத்துக்கு நடுவே வைத்தால் திருடனுக்குக் கூரையும் திரையும் போட்டுக் கொடுத்ததுபோல.

அடுக்குமாடிகளில் நிலைமை வேறு. மாடிப்படி முகப்பில் வைத்தால் தீயணைப்பு விதிப்படி நிர்வாகம் எடுத்துவிடும், கீழே வைத்தால் களவு. கீழ்த்தளச் சுவரில் வளைய ஆணி பொருத்தலாம் என்கிற கூட்டு நிர்வாகக் குழுக்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெற்றுச் செங்கல் சுவரில் விரியும் போல்ட் பிடிக்காது, ஒரு கடப்பாரையில் கையோடு வரும். கான்கிரீட் தூணிலோ தரையிலோ எம்12 (12 மி.மீ.) போல்ட், குறைந்தது 80 மி.மீ. ஆழம், துளையை ஊதித் தூசியை வெளியேற்றியபின் ரசாயனப் பசையோடு. போல்ட் தலைக் குழியில், அதன் அளவுக்கு ஏற்ற பெரிய குண்டோடு, அதே எஃகுக் குண்டு வைத்தியம். ஒரு வளையத்துக்குச் செலவு சில பத்து வெள்ளிதான். கேமரா வைக்கும் காசில் பத்து வளையம் வைக்கலாம். கேமரா, போன வண்டியைப் படம் காட்டும், அவ்வளவே.

மடிக்கும் சைக்கிள் வாங்க முடிந்தவர்களுக்கு இவ்வளவு பாடும் இல்லை. 16 அங்குல, 20 அங்குலச் சக்கர வண்டியை மடித்து வீட்டுக்குள், அலுவலக மேசைக்கடியில் வைத்துவிடலாம். மடிப்பின் கொக்கி தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆனால் மீன், காய்கறி ஏற்றி சந்தைக்குப் போகிறவரிடம் மடிக்கும் சைக்கிள் வாங்கச் சொல்ல முடியாது.

கடைசியாகப் பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு. மலேசியத் தண்டனைச் சட்டத்தில் 379A மோட்டார் வாகனத் திருட்டுக்குத் தனிப் பிரிவு. சைக்கிளுக்கு 379 சாதாரணத் திருட்டுப் பிரிவுதான். ஆனால் திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதற்கு 411 இருக்கிறது. சந்தையிலோ இணையத்திலோ மலிவாக வரும் வண்டியைத் தலைகீழாக்கி எண்ணைப் பாருங்கள். ராவியிருந்தால், புதிதாக அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் பூசியிருந்தால், விற்பவரிடம் ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் வண்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் பட்டறை வேலை அறிந்த வாசகர்கள் சிலர்,
பட்டர்வொர்த், பினாங்கு.